வகுப்பறையில் காணொலி

பெங்களூரின் தென்பகுதியில், ஓசூர்ச் சாலையை ஒட்டி அமைந்துள்ளது பொம்மனஹள்ளி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளும் கட்டுமானப் பணிகளும் பல மாநிலத்தவரை இங்கு வரவழைத்துள்ளன. இத்தகைய பகுதியின் தொடக்கப்பள்ளி வகுப்பொன்றில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது, இந்தி, ஒடியா எனப் பல வீட்டுமொழிகளைக் கொண்ட குழந்தைகள் அருகருகே அமர்ந்திருப்பர். அவர்கள் அனைவருக்கும் ஒரே பாடத்தைப் புரியவைப்பது எளிதன்று. சொல் எட்டாத இடத்தில் படம் எட்டும் என்பதால் ஆசிரியர்கள் காணொலியை நாடுகின்றனர். ஆயினும், காணொலியை ஓடவிட்டால் மட்டும் கற்றல் நிகழ்ந்துவிடுமா?

இந்தியாவில் இம்முயற்சி புதிதன்று. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. அமெரிக்காவின் நாசா நிறுவனம் தனது ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை ஓராண்டுக் காலம் பயன்படுத்தத் தந்தது. இஸ்ரோ அச்சோதனையை முன்னின்று நடத்தியது. ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அந்த ஆறு மாநிலங்களுள் கர்நாடகமும் ஒன்று. காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கும் மாலையில் பெரியவர்களுக்கும் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சியும் அவ்வழியே அளிக்கப்பட்டது.

அரிய முயற்சியாயினும் அதற்கு ஓர் எல்லை இருந்தது. ஒளிபரப்பு என்பது ஒருவழிப் பாதை. குழந்தைக்கு ஐயம் எழுந்தாலும் படம் அதற்காகக் காத்திராது. மின்சாரம் தடைபட்டால் அன்றைய பாடம் கைநழுவிப் போகும்.

பின்னர்க் காலம் மாறியது. கல்விக்கென்றே உருவாக்கப்பட்ட எஜுசாட் செயற்கைக்கோளை இந்தியா 2004 செப்டம்பர் 20 அன்று விண்ணில் செலுத்தியது. 2017இல் தீக்‌ஷா என்னும் இணையத்தளம் தொடங்கப்பட்டது. பாடநூலில் அச்சிட்ட கியூ.ஆர். குறியீட்டைக் கைப்பேசியால் படித்தால், அப்பாடத்திற்குரிய காணொலி அதில் திறக்கிறது. தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. இன்றைய ஆசிரியரிடம், 1975இல் இல்லாத ஒன்று உள்ளது. அதுவே படத்தை நிறுத்தும் பொத்தான். காணொலியின் பயன் பெரிதும் அப்பொத்தானில்தான் அடங்கியுள்ளது.

விதை முளைத்தல் என்னும் பாடத்தை எடுத்துக்கொள்வோம். மண்ணுக்குள் வேர் இறங்குவதை நாம் நேரில் காண இயலாது. காணொலி அதைக் காட்டும். பல நாள் வளர்ச்சியை ஒரே நிமிடத்தில் சுருக்கியும் காட்டும். ஆனால், அதைக் கண்ட சிறு குழந்தை, விதை ஒரு நிமிடத்தில் முளைத்துவிடும் என்று எண்ணக்கூடும். ஆகவே, ஆசிரியர் படத்தை இடையில் நிறுத்தி, “இதற்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்?” என்று வினவ வேண்டும். பின்னர், ஈரத்துணியில் பச்சைப்பயற்றை வைத்து, நாள்தோறும் பார்த்து எழுதச் செய்ய வேண்டும். படம் கண்ணைத் திறக்கிறது. பயறு அறிவை உறுதிசெய்கிறது.

நிறுத்துவதால் மற்றொரு நன்மையும் உண்டு. பெங்களூரில் கடல் இல்லை. கடலைப் பற்றிய காணொலியை இடையில் நிறுத்தி, “கடலை நேரில் பார்த்தவர் யார்?” என்று ஆசிரியர் கேட்கட்டும். வகுப்பு மொழி முழுதும் பழகாததால் இதுவரை வாய்திறவாத ஒடிசாக் கடற்கரைக் குழந்தை ஒன்று கையுயர்த்தக்கூடும். அலையின் உயரத்தைக் கையால் காட்டலாம். தெரிந்த இரண்டு சொற்களைக் கூறலாம். எஞ்சியதை அருகிலிருக்கும் தோழர் எடுத்துரைக்கலாம். அப்பொழுது அக்குழந்தை கேட்போர் வரிசையிலிருந்து கற்பிப்போர் வரிசைக்கு உயர்கிறது. இடைவிடாது ஓடும் படம் இவ்வாய்ப்பைத் தராது. வகுப்பறை அமைதியாக இருக்கலாம். ஆனால், பேசாத குழந்தை பேசாமலே வீடு திரும்பும்.

காணொலியைப் பயன்படுத்தும் ஆசிரியர் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் நலம். முதலாவது, வகுப்பில் காட்டுவதற்குமுன் தாமே முழுமையாகப் பார்த்தல். இரண்டாவது, எதைக் கவனிக்க வேண்டும் என்று குழந்தைகளுக்கு முன்னரே கூறுதல். மூன்றாவது, சிறுசிறு பகுதிகளாகக் காட்டி, இடையிடையே வினவுதல். நான்காவது, பார்த்ததைப் பேசவும் வரையவும் செய்துபார்க்கவும் வாய்ப்பளித்தல். விரலால் தொட்டறியக்கூடிய இலையையும் கல்லையும் காணொலியில் காட்ட வேண்டுவதில்லை. அவற்றை நேரிலேயே காட்டலாம்.

ஒரு நல்ல ஆசிரியருக்குக் காணொலி கருவியே அன்றி மாற்று ஆகாது. படம் ஓடும்போது குழந்தைகள் பார்க்கின்றனர். படம் நிற்கும்போது சிந்திக்கின்றனர். அவ்விரண்டும் சேர்ந்ததே கல்வி.

சொற்பொருள்
காணொலி – கண்ணால் கண்டும் காதால் கேட்டும் அறியும் பதிவு
சிற்றூர் – கிராமம்
ஐயம் – சந்தேகம்
நெறி – வழிமுறை

சிந்தித்து விடையளிக்க
1. 1975ஆம் ஆண்டுச் சோதனைக்கும் இன்றைய காணொலிக் கற்றலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. ‘படம் கண்ணைத் திறக்கிறது, பயறு அறிவை உறுதிசெய்கிறது’ – விளக்குக.
3. உம் வகுப்பில் பேசத் தயங்கும் தோழர் ஒருவரைப் பேசவைக்க, எந்தக் காணொலியை எவ்விடத்தில் நிறுத்துவீர்? ஐந்து தொடர்களில் எழுதுக.