கடல் கடந்த எழுத்துப் பிரதி

நாவலொன்றை எழுதி முடிப்பது ஒரு தவமெனில், அதனை அச்சேற்றுவது மற்றொரு தவமாகும். மேனாடுகளில் இவ்விரண்டாவது பணியை எழுத்தாளர் சார்பில் இலக்கிய முகவர் ஏற்றுக்கொள்கிறார். தக்க பதிப்பகத்தைத் தேடி, உடன்படிக்கை செய்வித்து, வருவாயில் ஒரு பங்கைப் பெறுவது அவர் தொழில்.

கேரளத்து அய்மனத்தில் வளர்ந்த அருந்ததி றோய், நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்துத் தம் முதல் நாவலை 1996இல் டில்லியில் முடித்தார். நாவலுலகில் அவர் பெயரை அப்பொழுது எவரும் அறியார். பிரதியைப் படித்து வியந்த பங்கஜ் மிஸ்ரா அதனை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே அதனைப் படித்த முகவர் டேவிட் கொட்வின், விமானமேறி டில்லிக்கே வந்துவிட்டார்! 1997இல் நூல் வெளிவந்தது. அவ்வாண்டே புக்கர் பரிசும் பெற்றது. நாற்பதுக்கு மேற்பட்ட மொழிகளிற் பெயர்க்கப்பட்ட அந்நாவலை, ‘சின்ன விஷயங்களின் கடவுள்’ என்னும் பெயரில் நாம் தமிழிலும் படிக்கலாம்.

அவருடைய இரண்டாவது நாவலோ 20 ஆண்டுகள் கழித்து, 2017இலேயே வெளிவந்தது.

எழுத விரும்பும் மாணவர்கள் இதனைச் சிந்தித்தல் நன்று. முகவர் கதவைத் திறந்துவிடலாம். உண்மையுள்ள வாசகர் ஒருவர் வழிகாட்டலாம். ஆயின் அவர்கள் கையிற் கொடுக்கத்தக்க நூலை ஆக்குவது, எவரும் அறியாத அந்த ஆண்டுகளின் உழைப்பேயன்றோ?