கணினி தானாக நகல் எடுக்க வேண்டுமா? நேரம் குறித்தால் மட்டும் போதாது

தோட்டத்து ஆலயமானாலும் பட்டணத்துச் சங்கமானாலும், உறுப்பினர் பட்டியல், உபயக் கணக்கு, கூட்டக் குறிப்பு எல்லாம் இன்று பெரும்பாலும் செயலாளரின் மடிக்கணினியில்தான் இருக்கின்றன. மலேசியாவில் 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, பதிவு பெற்ற சங்கம் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். அந்த நேரம் பார்த்து மடிக்கணினி பழுதானால், பல ஆண்டுக் கணக்கும் அதோடு போய்விடும்.

வாரம் தவறாமல் நகல் எடுத்து வைப்போம் என்று கூட்டத்தில் முடிவு செய்வது எளிது. திருவிழா வேலை வந்துவிட்டால் அது மறந்து போகும். அதனால் இந்த வேலையைக் கணினியிடமே ஒப்படைப்பது நல்லது.

இதற்கு இரண்டு தேவை. ஒன்று ஸ்கிரிப்ட். கணினி செய்ய வேண்டியதை வரி வரியாக எழுதி வைத்த சிறு கோப்புதான் அது. 'இந்தக் கோப்புறையில் உள்ளதை அந்த வெளி வட்டுக்கு நகல் எடு' என்பது ஒரு வரி. விண்டோஸில் இதற்கு ரோபோகாப்பி என்ற கட்டளையும், மேக், லினக்ஸ் கணினிகளில் ஆர்சிங்க் என்ற கட்டளையும் உதவும். மற்றொன்று, அந்த ஸ்கிரிப்டைக் குறித்த நேரத்தில் ஓட்டும் கடிகாரம். வெள்ளிக்கிழமை பூஜைக் கணக்கைப் பதிந்த பிறகு, இரவு 10.30 மணிக்கு நகல் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் கணினி மூடிக் கிடந்தால் என்ன ஆகும்? இதில்தான் மூன்று வகைக் கணினிகளும் வேறுபடுகின்றன.

விண்டோஸ்

ஸ்டார்ட் பட்டியலில் 'டாஸ்க் ஷெட்யூலர்' என்று தேடித் திறந்து, 'கிரியேட் டாஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'டிரிகர்ஸ்' பக்கத்தில் கிழமையும் நேரமும், 'ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தில் ஸ்கிரிப்ட் இருக்கும் இடமும் குறிக்கப்படும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

'கண்டிஷன்ஸ்' பக்கத்தையும் பார்ப்பது அவசியம். மின்சாரத்தில் செருகியிருந்தால் மட்டுமே வேலையைத் தொடங்கு என்ற விதி அங்கே முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். மடிக்கணினி பேட்டரியில் ஓடினால், நகல் எடுக்கும் வேலை தொடங்காது. 'செட்டிங்ஸ்' பக்கத்தில், தவறிப்போன வேலையை முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு என்ற பொருளில் ஒரு வரி உண்டு. அதற்கு டிக் போட்டால், வெள்ளி இரவு மூடிக் கிடந்த கணினி அடுத்த முறை திறக்கும்போது வேலையை முடித்துவிடும்.

மேக்

மேக் கணினியில் இந்தப் பொறுப்பு 'லாஞ்ச்டி' என்ற உள் நிரலுடையது. நேரத்தையும் ஸ்கிரிப்ட் இருக்கும் இடத்தையும் எழுதிய சிறு கோப்பை, பயனரின் லைப்ரரியில் உள்ள 'லாஞ்ச் ஏஜென்ட்ஸ்' கோப்புறையில் வைக்க வேண்டும். குறித்த நேரத்தில் மேக் உறக்க நிலையில் இருந்தால், விழித்ததும் வேலை ஓடும். முழுதாக அணைத்திருந்தால் அந்த வார நகல் விடுபட்டுப் போகும். 2019இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல், டாக்குமெண்ட்ஸ் கோப்புறையையும் வெளி வட்டையும் தொட ஒரு நிரலுக்கு அனுமதி வேண்டும். அனுமதி தரவில்லை என்றால் வேலை ஓடினாலும் நகல் வராது.

லினக்ஸ்

லினக்ஸில் 'கிரான்' இருக்கிறது. யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் பழைய முறை இது. ஒரே வரியில் நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து இடங்கள். 30 22 * * 5 என்று எழுதினால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரவு 10.30 மணி. நட்சத்திரக் குறிக்கு 'எதுவானாலும் சரி' என்று பொருள். அந்த வரியின் பின்னே ஸ்கிரிப்ட் இருக்கும் முழுப் பாதையையும் எழுத வேண்டும்.

கிரான் தவறவிட்ட வேலையைப் பிறகு ஓட்டாது. எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும் சர்வருக்கு அது போதும். மடிக்கணினிக்கு 'அனாக்ரான்' அல்லது 'சிஸ்டம்டி டைமர்' பொருத்தம். வாடகை சர்வர்கள் பலவற்றில் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட 8 மணி முன்னால் இருப்பதால், அங்கே நம் இரவு 10.30 என்பது பிற்பகல் 2.30.

சத்தமில்லாமல் நின்றுவிடும்

இந்த ஏற்பாடு எதுவானாலும், அது நின்றுபோனால் யாருக்கும் தெரியாது. பொதுக்கூட்டத்தில் புதிய செயலாளர் வருவார். கணினியின் கடவுச்சொல்லை மாற்றுவார். பழைய கடவுச்சொல்லைச் சேமித்து வைத்து ஓடிய விண்டோஸ் வேலை அன்றோடு நின்றுவிடும். வெளி வட்டைச் செருக மறந்தாலும் இதே கதைதான்.

டாஸ்க் ஷெட்யூலரில் 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' என்ற இடத்தில் கடைசி ஓட்டத்தின் முடிவு தெரியும். ரோபோகாப்பி 1 என்று காட்டினால் பயப்பட வேண்டாம்; புதிய கோப்புகள் நகலாகிவிட்டன என்று பொருள். 8 அல்லது அதற்கு மேல் என்றால்தான் ஏதோ தவறியிருக்கிறது. ஆனாலும் அந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது. மாதம் ஒரு முறை வட்டிலிருந்து ஏதாவது ஒரு கணக்குக் கோப்பைத் திறந்து, கடைசி வாரப் பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

ஒரே கோப்புறையின் மேல் திரும்பத் திரும்ப எழுதுவதும் ஆபத்து. யாரோ தவறுதலாக ஒரு கோப்பைக் கெடுத்துவிட்டால், அடுத்த வெள்ளிக்கிழமை கெட்ட கோப்பே நல்ல நகலின் மேல் ஏறிவிடும். ஒவ்வொரு வாரமும் தேதியிட்ட தனிக் கோப்புறையில் நகல் எடுக்கும்படி ஸ்கிரிப்டை எழுதினால் பழையது தப்பும்.

வட்டு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கின. மடிக்கணினியும் வட்டும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். இரண்டு வட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றைப் பொருளாளர் வீட்டில் வைக்கலாம்.

வேலையின் பெயர், ஓடும் நேரம், ஸ்கிரிப்ட் இருக்கும் இடம், வட்டு யாரிடம் உள்ளது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள். பொறுப்பு கைமாறும் நாளில், சாவிக்கொத்தோடு அந்தத் தாளையும் புதிய செயலாளரிடம் காட்டி, அவர் முன்னிலையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டால் நல்லது.