வலியில்லாத இரத்தப்போக்கும் ஆபத்துத்தான்



கர்ப்பிணிக்கு வயிற்று வலியோடு இரத்தம் பட்டால் வீடே பதறிப்போகும். வலியில்லாமல் பட்டால், "சூட்டினால்தான், படுத்திருந்தால் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். உண்மையில், ஆறாம் மாதத்திற்குப் பிறகு வலியின்றி வரும் இரத்தப்போக்கை ஒருபோதும் அலட்சியம் செய்யக்கூடாது.

வயிற்றிலுள்ள குழந்தைக்கு உணவும் ஒட்சிசனும் நச்சுக்கொடி வழியாகவே செல்கின்றன. வழமையாக அது கர்ப்பப்பையின் மேற்பகுதியில் ஒட்டியிருக்கும். சிலருக்குக் கீழே, கர்ப்பப்பையின் வாயை மூடியவாறு அமைந்துவிடுகிறது. மாதம் ஏற ஏறக் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி விரியும்போது, நச்சுக்கொடியின் ஓரம் விட்டு இரத்தம் வருகிறது. முதல் தடவை சிறிதளவு வந்து தானாகவே நின்றுவிடலாம். அடுத்த தடவை தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இங்கேதான் ஸ்கேன் கைகொடுக்கிறது. நச்சுக்கொடி இருக்கும் இடம் தெரியாமல் செய்யும் உட்பரிசோதனை பெரும் இரத்தப்போக்கைத் தூண்டிவிடக்கூடும். அதனால் முன்பெல்லாம் வைத்தியர்கள் சிசேரியனுக்கு எல்லாம் தயார்படுத்திக்கொண்டு, ஒப்பரேஷன் அறையிலேயே அப்பரிசோதனையைச் செய்தார்கள். 1958இல் கிளாஸ்கோ நகரின் இயன் டொனால்டும் அவரது சகாக்களும் வயிற்றினுள் ஒலி அலைகளைச் செலுத்திப் படம் பெறும் முறையை வெளியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய ஸ்கேன். இது எக்ஸ்ரே அல்ல.

ஐந்தாம் மாத ஸ்கேனில் "நச்சுக்கொடி கீழே இருக்கிறது" என்றால் கலங்காதீர்கள். கர்ப்பப்பை வளரும்போது பெரும்பாலானோருக்கு அது மேலே சென்றுவிடும். 32 வாரமளவில் மீண்டும் ஸ்கேன் செய்து உறுதிப்படுத்துவார்கள். அப்போதும் வாயை மூடியிருந்தால் சிசேரியனே பாதுகாப்பு. முன்பு சிசேரியன் செய்தவர்களுக்குப் பழைய தழும்பில் நச்சுக்கொடி ஆழமாகப் பற்றிக்கொள்ளக்கூடும். அவர்களுக்கு இரத்த வசதியும் விசேட நிபுணர்களும் உள்ள வைத்தியசாலையே ஏற்றது.

ஸ்கேனுக்கும் எல்லையுண்டு. வலியோடு வயிறு கல்லாக இறுகினால், நச்சுக்கொடி முன்கூட்டியே கழன்றிருக்கலாம். அது ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். ஆகவே, "போன கிழமை ஸ்கேன் நல்லாயிருந்தது" என்று வீட்டில் தங்கிவிடாதீர்கள். ஆரம்ப மாதங்களில் அடிவயிற்று வலியுடன் இரத்தம் பட்டால், கரு குழாயில் தங்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் மிக அவசரமானது.

பெண் வைத்தியரைக் கேட்பது உங்கள் உரிமை. கிடைக்காவிட்டால், உயிர் காக்கும் அவசியத்தில் ஆண் வைத்தியர் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். வெட்கத்தினாலோ, கணவர் கடை பூட்டி வரட்டும் என்றோ தாமதிக்காதீர்கள்.

இன்றே செய்யக்கூடியவை:

* கிளினிக் அட்டையையும் ஸ்கேன் அறிக்கைகளையும் ஒரே பையில் வையுங்கள்.
* உங்கள் இரத்த வகையை அறிந்துகொள்ளுங்கள். நெகட்டிவ் என்றால் வைத்தியரிடம் மறக்காமல் கூறுங்கள்.
* இரவில் அழைக்கக்கூடிய வாகனத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள்.
* இரத்தம் பட்டால் பேட் வைத்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். எத்தனை பேட் நனைந்தது என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

முயற்சி நம்முடையது, பாதுகாப்பவன் அல்லாஹ். தாயும் சேயும் நலமாக வீடு திரும்ப அவன் அருள்புரிவானாக!