விசா நிலுவையில் நின்றால்

ஒரு ஆடி வெள்ளிக்கிழமை. படவேட்டில் ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகும் வண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. அந்தச் சத்தம் எட்டாத உள்தெருவில், ஒரு நெசவு வீட்டில், தறி ஓடவில்லை. முந்தானை பாதியில் நிற்க, குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தவர் மகனின் செல்போனை என்னிடம் நீட்டினார். திரையில் ‘ரெஃப்யூஸ்டு’ என்று இருந்தது.

“மறுத்துட்டாங்கன்னுதானேண்ணா அர்த்தம்? அப்புறம் இந்தச் சீட்டுல காத்திருன்னு எதுக்குப் போட்டிருக்குது?”

மகனுக்கு அமெரிக்காவில் செமிகண்டக்டர் தொடர்பான எம்.எஸ். படிப்பில் இடம் கிடைத்திருந்தது. சென்னை ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் இன்டர்வியூ முடித்து, விசாவுக்குப் பதிலாக ஒரு சீட்டோடு வந்திருந்தான். சீட்டில் 221(ஜி) என்று இருந்தது. வகுப்பு தொடங்க நான்கு வாரம்கூட இல்லை.

அவர் கேட்டதில் தவறே இல்லை. அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டு குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தில் உள்ள பிரிவு 221(ஜி). இன்டர்வியூ நடந்த அன்றைக்கே விசா கொடுக்க அதிகாரிக்குப் போதுமான விவரம் இல்லை என்றால் இந்தப் பிரிவில் நிறுத்திவைக்கிறார். சட்டத்தின் கணக்கில் அது மறுப்பு. ஆனால் கோப்பு மூடப்படுவதில்லை. கேட்ட விவரம் வந்ததும், சரிபார்ப்பு முடிந்ததும், அதே விண்ணப்பத்திலேயே விசா கிடைக்கலாம். முன்பெல்லாம் விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கும் சிஇஏசி என்ற தளத்தில் ‘நிர்வாகப் பரிசீலனை’ என்று காட்டுவார்கள். 2020 முதல் அதற்கும் ‘ரெஃப்யூஸ்டு’ என்றே காட்டுகிறார்கள். அந்த ஒரு சொல்லைப் பார்த்து எத்தனை வீடுகளில் அடுப்பு மூட்டாமல் இருந்திருப்பார்களோ.

சீட்டு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, உங்களிடம் ஏதாவது கேட்டிருக்கிறார்களா என்பதைத்தான். காகிதம் கேட்டிருந்தால் பந்து நம் பக்கம். அதைக் கொடுக்க ஓராண்டு அவகாசம் உண்டு. ஓராண்டு தாண்டினால் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். எதுவும் கேட்காமல் பரிசீலனை என்று மட்டும் இருந்தால், வேலை அவர்கள் பக்கம் நடக்கிறது. படிப்பு, ஆய்வு, வழிகாட்டிப் பேராசிரியர், சென்று வந்த நாடுகள் பற்றி மின்னஞ்சலில் கேட்பதும் உண்டு. சிலருக்கு டிஎஸ்-5535 என்ற படிவம் வரும். 15 ஆண்டுகளில் குடியிருந்த முகவரி, பார்த்த வேலை, போன பயணம் எல்லாம் அதில் எழுத வேண்டும். அவசரத்தில் நிரப்பாதீர்கள். ரேஷன் கார்டு, பழைய பாஸ்போர்ட், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்துக்கொண்டு, வீட்டுப் பெரியவர்களையும் கேட்டு நிரப்புங்கள்.

ஏன் நமக்கு மட்டும் என்று எல்லோருமே கேட்கிறார்கள். காரணத்தைத் தூதரகம் சொல்லாது. ஆனால் பொதுவாகத் தெரிந்த காரணங்கள் சில உண்டு. அணுசக்தி, செமிகண்டக்டர், ரோபோட்டிக்ஸ், விண்வெளி, உயிரித் தொழில்நுட்பம் போன்ற துறைகளுக்கு ‘விசாஸ் மான்டிஸ்’ என்ற தனிச் சரிபார்ப்பு இருக்கிறது. பெயர்க் குழப்பம் இன்னொரு காரணம். தந்தை பெயரை இனிஷியலாக வைத்துக்கொள்பவர்கள் நாம். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, விண்ணப்பத்தில் ஒரு மாதிரி என்றால் சந்தேகத்துக்கு நாமே இடம் கொடுக்கிறோம். பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து, எல்லாச் சான்றிதழிலும் ஒரே மாதிரி ஆக்கிக்கொள்வது பின்னால் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

பெரிய மனிதர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2006 பிப்ரவரியில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முன்னாள் இயக்குநர், வேதியியலாளர் கோவர்தன் மேத்தா இதே சென்னைத் துணைத் தூதரகத்துக்கு வந்தார். புளோரிடா பல்கலைக்கழகம் அவரை அழைத்திருந்தது. அவருடைய ஆய்வு வேதி ஆயுதத்துக்குப் பயன்படுமா என்ற பாணியில் கேள்விகள் போயின, விசா கிடைக்கவில்லை. செய்தி வெளியாகி நாடே கொதித்தது. விசாவை மறுக்கவில்லை, கூடுதல் விவரம்தான் கேட்டோம் என்றது அமெரிக்கத் தரப்பு. அதே மாதத்தில் விசாவும் வந்தது. சர்வதேச அறிவியல் மன்றத்தின் தலைவராக இருந்தவருக்கே அப்படி என்றால், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை தன்னிடம் ஏதோ குறை என்று குறுகிப்போக வேண்டியதில்லை.

தாமதம் தானாக நேர்வதும் இல்லை, தீர்க்க முடியாததும் இல்லை. 2004இல் அமெரிக்க அரசின் சொந்தத் தணிக்கை அமைப்பான ஜிஏஓ, மாணவர்கள், அறிவியலாளர்களின் மான்டிஸ் சரிபார்ப்புக்குச் சராசரியாக 67 நாள் ஆகிறது என்று கணக்குச் சொன்னது. நடைமுறையைத் திருத்திய பிறகு, அந்த ஆண்டு இறுதியில் அது 15 நாள் அளவுக்கு இறங்கியது. ஆள் போட்டு, கணினி இணைப்பைச் சரி செய்தால் குறையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 15 நாள், நீட்டித்தாலும் 45 நாள் என்று சட்டமே எல்லை வகுத்திருக்கிறது. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் அப்படி ஒரு எல்லை இல்லை. இது நியாயமில்லை என்பதே என் கருத்து. ஆனாலும் எல்லை இல்லை என்று தெரிந்துகொண்டுதான் நம் காரியத்தைப் பார்க்க வேண்டும்.

சமீபத்தில் நிலைமை இன்னும் இறுகியிருக்கிறது. 2025 ஜூனில் மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பர் 15 முதல் எச்-1பி வேலை விசா, அவர்கள் குடும்பத்துக்கான எச்-4 விசா கேட்பவர்களுக்கும் அது வந்தது. அதனால் டிசம்பரில் நடக்க வேண்டிய இன்டர்வியூக்கள் 2026 மார்ச்சுக்கும் அதற்கு அப்பாலும் தள்ளிப்போயின. விசா முத்திரை வாங்கிப் போகலாம் என்று இரண்டு வார விடுப்பில் வந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். விண்ணப்பத்தில் கடந்த ஐந்தாண்டில் வைத்திருந்த கணக்குகளைக் கேட்கிறார்கள். மறந்துபோன பழைய கணக்கையும் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் அது தாமதத்தோடு நிற்காது. பொய்த் தகவல் என்று முடிவு செய்தால் வாழ்நாள் முழுவதும் நுழைவுத் தடை வரும்.

அந்த வீட்டுக்காரர் அடுத்துக் கேட்டது: “திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்தா ஏதாவது நடக்குமாண்ணா?” திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறவும் தயாராக இருந்தார். நடக்காது என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருந்தது. கலெக்டரோ எம்.எல்.ஏ.வோ அயல்நாட்டுத் தூதரகத்தைக் கேட்க முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் அங்கே செல்லாது. நம் உயர் நீதிமன்றம் விசா கொடுக்கும்படி உத்தரவிடவும் முடியாது.

செய்யக்கூடியவை வேறு. துணைத் தூதரகத்துக்கு ஒரே ஒரு தெளிவான மின்னஞ்சல்: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, வழக்கு எண், இன்டர்வியூ தேதி, வகுப்பு தொடங்கும் தேதி. தினம் ஒன்று அனுப்பினால் எதுவும் வேகமாகாது. உயிர் காக்கும் சிகிச்சை போன்ற அவசரம் என்றால் ஆதாரத்தோடு தனியாகக் கேட்கலாம். அமெரிக்காவில் குடியிருக்கும் உறவினரோ, வேலை கொடுக்கும் நிறுவனமோ அந்தத் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகம் வழியாக விசாரிக்கலாம்; விண்ணப்பதாரரின் கையெழுத்திட்ட ஒப்புதல் கேட்பார்கள். பெரும்பாலும் கோப்பு எங்கே நிற்கிறது என்ற அளவுக்கே பதில் வரும். நியாயமற்ற தாமதம் என்று அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ‘மாண்டமஸ்’ வழக்குப் போடவும் வழி உண்டு. ஆனால் 2024இல் கரிமோவா வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், 221(ஜி) மறுப்பே ஒரு முடிவுதான் என்று கருதியதால் அந்த வாசல் குறுகிவிட்டது. நிலத்தை அடகு வைத்து வக்கீல் கட்டணம் கட்டும் முன் பத்து முறை யோசியுங்கள்.

எதைவிடவும் முக்கியம் பணம். கல்விக் கடனில் ‘சாங்ஷன்’ வேறு, பணம் விடுவிப்பது வேறு. இன்டர்வியூவுக்குச் சாங்ஷன் கடிதம் போதும். விசா முத்திரை விழும் வரை பல்கலைக்கழகத்துக்குப் பணம் அனுப்ப வேண்டாம் என்று வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பணம் வெளியேறிய நாளிலிருந்து வட்டி ஓடும். அந்த வீட்டில் நல்லவேளையாகப் பணம் போகவில்லை. டிக்கெட் மட்டும் போட்டிருந்தார்கள், ரத்துச் செய்தால் திரும்பாத டிக்கெட். இங்கே பார்க்கும் வேலையையும் முத்திரைக்கு முன்னால் விடாதீர்கள்.

மாணவர்கள் நாள் எண்ணிக்கொண்டு இருக்காமல் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்துக்கு உடனே எழுத வேண்டும். எந்தத் தேதி வரை தாமதமாக வரலாம், அதற்கும் முடியாவிட்டால் அடுத்த பருவத்துக்கு இடத்தைத் தள்ளிவைக்க முடியுமா, கட்டிய முன்பணம் என்ன ஆகும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். தள்ளிவைத்தால் ஐ-20 என்ற சேர்க்கைப் படிவம் புதிதாக வரும். செவிஸ் என்ற மாணவர் பதிவு எண் மாறாவிட்டால் அதற்குக் கட்டிய 350 டாலரை மறுபடி கட்ட வேண்டியிருக்காது. விசாக் கட்டணம் மட்டும் எந்த நிலையிலும் திரும்பாது.

“நாப்பதாயிரம் கொடுத்தா உள்ளே ஆளு இருக்குது, கிளியர் பண்ணித் தரேன்”னு ஒரு ஏஜென்ட் போன் பண்ணினான் என்று மகன் மெதுவாகச் சொன்னான். நாற்பதாயிரம் என்பது அந்த வீட்டில் எத்தனை புடவைக் கூலி என்று எனக்குத் தெரியும். உள்ளே எந்த ஆளும் இல்லை. சரிபார்ப்பு சென்னையில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் பல துறைகள் வழியாகப் போகிறது. அதைப் பணத்தால் நகர்த்த முடியாது. அப்படிச் சொல்பவன் போலி அனுபவச் சான்றோ வங்கிக் கணக்கோ கோப்பில் சேர்த்துவிட்டால், தண்டனை விண்ணப்பித்தவனுக்கு.

ஏற்கெனவே கொடுத்து ஏமாந்திருந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். இணையவழியில் போன பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க முதல் சில மணி நேரம்தான் கைகொடுக்கும். ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யாத கன்சல்டன்சி மீது திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். அதற்கு ரசீது வேண்டும். ரசீது தராதவரிடம் பணம் கொடுத்திருந்தால் யுபிஐ பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, போன் வந்த நேரம் எல்லாவற்றையும் அழிக்காமல் எடுத்து வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.

அன்று இரவு மகனும் நானும் திண்ணையில் உட்கார்ந்து பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினோம். ஜனவரிப் பருவத்துக்கு இடம் தள்ளிவைத்த பதில் ஐந்தாம் நாள் வந்தது. சீட்டில் கேட்டிருந்த ஆய்வு விவரத்தை அவன் அதற்கு முன்பே அனுப்பிவிட்டிருந்தான்.