பெயர் முத்துலட்சுமி… பட்டியலில் வெறும் ‘எம். ஆர்’! ஆய்வேட்டில் இன்ஷியல் படும் பாடு

திண்டுக்கல் மாவட்டம் தொப்பம்பட்டியில் இருந்து பிஎச்.டி. படிக்கப் போகும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் முத்துலட்சுமி, அப்பா பெயர் ராமசாமி. சான்றிதழில் இன்ஷியல் கடைசியில் இருக்கும்: ‘முத்துலட்சுமி ஆர்’. கஷ்டப்பட்டு ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிடுகிறார். அடுத்து வரும் ஆய்வாளர் ஒருவர் அதை மேற்கோள் காட்டுகிறார். ஆனால் நூற்பட்டியலில் அச்சாவது ‘எம். ஆர்’ மட்டும்தான். முத்துலட்சுமியைக் காணோம்!

இது தட்டச்சுப் பிழை இல்லை. கணினிக்கு நம்ம ஊர்ப் பெயர் புரியாததால் வரும் பிழை.

லேடெக் என்றால் என்ன?

கணிதம், அறிவியல் ஆய்வேடுகளை அச்சுக்குக் கோக்கப் பலரும் பயன்படுத்தும் இலவச மென்பொருள் லேடெக். தன் புத்தகத்தின் அச்சுத் தரம் பிடிக்காமல் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கனூத் 1977இல் உருவாக்கத் தொடங்கியது டெக். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டியது லேடெக். மேற்கோள்களைக் கவனிக்கும் பிப்டெக், 1985இல் வந்தது.

எப்படி வேலை செய்கிறது?

படித்த நூல்களின் விவரத்தைத் தனிக் கோப்பில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிச்சொல் வைக்க வேண்டும். கட்டுரையில் அந்தக் குறிச்சொல்லை மட்டும் கொடுத்தால் போதும். எண் போடுவது, கடைசியில் பட்டியல் தயாரிப்பது எல்லாம் மென்பொருளே பார்த்துக்கொள்ளும். நடுவில் ஒரு நூலைச் சேர்த்தாலும் எண்கள் தானாக மாறும்.

எண் வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி வந்தால் பதற வேண்டாம். குறிச்சொல் தப்பாக இருக்கலாம். இல்லையென்றால் லேடெக், பிப்டெக், மறுபடி இரண்டு முறை லேடெக் என்ற வரிசையில் ஓட்டாமல் விட்டிருக்கலாம்.

பெயர் ஏன் காணாமல் போகிறது?

பெயரில் காற்புள்ளி இல்லாவிட்டால், கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று பிப்டெக் எடுத்துக்கொள்ளும். ‘சி.வி. ராமன்’ என்றால் சிக்கல் இல்லை. ‘முத்துலட்சுமி ஆர்’ என்றால் ‘ஆர்’ குடும்பப் பெயராகிவிடும். பெயர்களைச் சுருக்கும் பாணியில், முத்துலட்சுமி வெறும் ‘எம்.’ ஆகிவிடுவார். அகர வரிசையிலும் அவரை ‘ஆர்’ எழுத்தில்தான் தேட வேண்டும்.

தீர்வு என்ன?

* ‘முத்துலட்சுமி, ஆர்’ என்று நடுவில் காற்புள்ளி போடுங்கள். காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது சுருங்காது.
* இரண்டு ஆசிரியர்கள் இருந்தால் நடுவில் ஆங்கில ‘அண்ட்’ வர வேண்டும். காற்புள்ளி போட்டுப் பிரித்தால் குழப்பம்தான்.
* நிறுவனப் பெயரை இரட்டை நெளிவு அடைப்புக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் ‘தமிழ்நாடு பாடநூல் கழகம்’ என்பதில் ‘கழகம்’ குடும்பப் பெயராகிவிடும்.
* கூகுள் ஸ்காலரில் இருந்து எடுக்கும் விவரத்தை அப்படியே ஒட்டாமல், மூலக் கட்டுரையோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

தமிழில் எழுதினால்?

பழைய பிப்டெக் தமிழுக்கு ஒத்துவராது. யூடிஎஃப்-8 யூனிகோடில் ஒரு தமிழ் எழுத்து குறைந்தது மூன்று பைட். முதல் எழுத்தாகச் சுருக்கும்போது பிப்டெக் ஒரு பைட்டை மட்டும் வெட்டி, எழுத்தையே உடைத்துவிடும். வரிசையும் தப்பும். நம் அகராதியில் ‘கமலா’வுக்குப் பிறகுதான் ‘கனகா’. யூனிகோடு எண் வரிசையில் ‘ன’ முன்னால் இருப்பதால் ‘கனகா’ முந்திக்கொள்வார். பிப்லேடெக், பிபர் என்ற புதிய ஜோடியைப் பயன்படுத்தினால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி ஆய்வேட்டில் ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் நடவடிக்கை உண்டு. 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். முறையாக மேற்கோள் காட்டிய பகுதியும் நூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேராது. ஆக, சரியான மேற்கோள் எழுதுபவருக்குப் பாதுகாப்பு.

எழுதப்பட்டவருக்கோ அது அடையாளம். ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்துக்குப் போகின்றன. யாரும், எங்கிருந்தும் படிக்கலாம். அங்கே முத்துலட்சுமி முத்துலட்சுமியாகவே இருக்க, ஒரு காற்புள்ளி போதும்.