இலவசப் பயிற்சிக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?



போன மாதம் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வாங்கி முடித்து, கடன் கோரிக்கை எடுக்கும் நேரம். ஓர் அக்கா எழுந்து, "எனக்கு ஆறாயிரம் ரூபாய் உள்கடன் வேணும்" என்றார். என்ன காரணத்துக்கு என்று ஊக்குநர் கேட்டார்.

"பெரிய பொண்ணு பிளஸ் டூ முடிச்சு ரெண்டு வருஷமா வீட்டுலதான் இருக்கா. கவர்மெண்டு டிரெய்னிங்காம், ஆஸ்பத்திரி வேலைக்கு. ஆறாயிரம் கட்டுனா மூணு மாசத்துல ஓசூர்ல வேலை நிச்சயம்னு ஒருத்தரு வந்து சொல்லிட்டுப் போனாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டணுமாம்."

பிள்ளை படிப்புக்குத்தானே என்று யாரும் மறுக்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் எழுதவும் ஆரம்பித்துவிட்டார்கள். நான்தான் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். சில வருஷத்துக்கு முன்னால் என் சொந்தத் தங்கச்சி இதே மாதிரி ஒரு இடத்தில் பணம் கட்டினாள். ரசீதுகூட வாங்கவில்லை. ஒரு வாரம் வகுப்பு நடந்தது. அப்புறம் போய்ப் பார்த்தால் அறை பூட்டிக் கிடந்தது. கடனை மட்டும் பத்து மாதம் கட்டித் தீர்த்தாள்.

"அரசுப் பயிற்சி என்றால் பணம் கேட்க மாட்டார்களே அக்கா" என்று சொன்னேன். அவர் விடவில்லை. "ஓசியில யாரு சோறு போட்டு, தங்க வெச்சு, தொழிலும் கத்துக் கொடுப்பாங்க? யாராவது ஒருத்தர் பணம் கட்டித்தானே ஆகணும்?"

நியாயமான கேள்வி. யாரோ கட்டத்தான் செய்கிறார்கள். அது யார், எந்தக் கை வழியாகப் பணம் வருகிறது, எதைக் காட்டினால் அந்தப் பணம் பயிற்சி நடத்துகிறவருக்குக் கிடைக்கிறது என்று தெரிந்துகொண்டால், நம்மிடம் வந்து பேசுகிறவர் உண்மை சொல்கிறாரா என்று நாமே கண்டுபிடித்துவிடலாம். அதனால் இந்த இதழில் அதை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1979-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று மத்திய அரசு டிரைசெம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. கிராமத்து இளைஞர்களுக்குச் சுயதொழில் பயிற்சி. 18 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கு. பயிற்சிக் காலத்தில் மாத உதவித்தொகை உண்டு, கருவிப் பெட்டியும் உண்டு. நம் பெரியம்மா, அத்தை வயதில் இருப்பவர்களைக் கேட்டால் ஞாபகம் இருக்கலாம். தையல் கற்றவர்கள் ஏராளம். ஆனால் ஒரே ஊரில் இருபது பேர் தையல் கற்றால் துணி கொடுப்பது யார்? உதவித்தொகைக்காகவே சேர்ந்தவர்களும் இருந்தார்கள். பயிற்சி முடிந்ததும் கணக்கு முடிந்தது. பிறகு தொழில் நடந்ததா என்று தொடர்ந்து கவனிக்க ஆள் இல்லை. 1999 ஏப்ரலில் அந்தத் திட்டத்தை மற்ற சில திட்டங்களோடு சேர்த்து எஸ்.ஜி.எஸ்.ஒய். ஆக்கினார்கள். 2011-ல் அதுவும் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கமாக மாறியது. தமிழ்நாட்டில் இதை நடத்துவது நமக்கெல்லாம் தெரிந்த மகளிர் திட்ட அலுவலகம்தான்.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1989-ல் ஐஃபாட் என்ற பன்னாட்டு நிதி நிறுவனத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் முதன்முதலில் தொடங்கப்பட்டது தருமபுரியில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் நம்மோடு ஒரே மாவட்டம், 2004-ல்தான் பிரிந்தது. அன்றைக்கு நம் குழுக்களுக்குக் கடன் கொடுக்க முன்வந்தது இந்தியன் வங்கி. இன்றைக்கும் நம் மாவட்டத்தின் முன்னோடி வங்கி அதுவே. பயிற்சிக் கதையிலும் அந்த வங்கி வருகிறது.

கர்நாடகத்தில் தர்மஸ்தலாவுக்குப் பக்கத்தில் உஜிரே என்று ஓர் ஊர். அங்கே 1982-ல் தர்மஸ்தலா கோயில் நிர்வாகமும் சிண்டிகேட் வங்கியும் கனரா வங்கியும் சேர்ந்து, வேலையில்லாத கிராமத்து இளைஞர்களுக்கு ஒரு பயிற்சி நிலையம் ஆரம்பித்தார்கள். தங்கிப் படிக்கவேண்டும், காசு கிடையாது, முடித்தவரைப் பிறகும் விடாமல் பின்தொடர்வார்கள். அது நன்றாக நடந்ததைப் பார்த்து, 2009 முதல் மாவட்டத்துக்கு ஒன்று வீதம் வங்கிகளே இப்படி நடத்தவேண்டும் என்று மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் ஏற்பாடு செய்தது. ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் என்று பெயர். சுருக்கமாக ஆர்செட்டி. தருமபுரியில் இதை நடத்துவது இந்தியன் வங்கி. இண்ட்செட்டி என்று சொன்னால் பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் தெரியும்.

இங்கே பணம் வரும் வழி இதுதான். இடத்தை மாநில அரசு கொடுக்கிறது. கட்டடத்துக்கு மத்திய அரசு ஒருமுறை மானியம் தருகிறது. நடத்துகிற பொறுப்பு வங்கிக்கு. ஒரு வங்கி அதிகாரிதான் இயக்குநர். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆகும் பயிற்சிச் செலவை அரசு வங்கிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. அதாவது உங்கள் பெண்ணின் சாப்பாட்டுக்கும் வாத்தியாருக்கும் ஆகும் காசு மேலேயே கட்டியாகிவிட்டது. அப்புறம் உங்களிடம் ஒருவர் கேட்டால் அது எதற்கு?

கறவை மாடு, ஆடு வளர்ப்பு மாதிரி பயிற்சிகள் பத்து நாள் அளவில் முடியும். தையல், அழகுக்கலை, செல்போன் பழுது பார்ப்பது போன்றவை ஒரு மாதம் வரை போகும். ஒரு வகுப்பில் 25 முதல் 35 பேர். 18 வயது முடிந்திருக்க வேண்டும்.

தொழில் மட்டும் சொல்லித் தருவதில்லை. வளையம் எறியும் விளையாட்டு ஒன்று வைப்பார்கள். ஒரு கம்பு நட்டிருக்கும். எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பதை நீங்களே முடிவு செய்யவேண்டும். கிட்டே நின்றால் எளிது, மதிப்பெண் குறைவு. தூரம் போனால் மதிப்பெண் அதிகம், ஆனால் விழாது. முதல் தடவை பெரும்பாலும் பயந்து கிட்டே நிற்பார்கள், இல்லையென்றால் வீராப்பாக எட்டப் போய் நிற்பார்கள். இரண்டாவது தடவை, "நமக்கு எவ்வளவு தூரம் முடியும்" என்று யோசித்து நிற்கிறார்கள். எவ்வளவு கடன் வாங்கலாம், எத்தனை மாடு வாங்கலாம் என்று கணக்குப் போடுவதும் அதே யோசனைதானே. இந்த மாதிரிப் பயிற்சி நம் நாட்டில் 1964-ல் ஆந்திராவின் காக்கிநாடாவில் டேவிட் மெக்லீலண்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் சிறு வியாபாரிகளுக்குச் செய்து பார்த்ததிலிருந்து வந்தது. விளையாட்டுக் காட்டி நேரம் போக்குகிறார்கள் என்று நினைத்துப் பாதியில் வந்துவிடாதீர்கள்.

ஆர்செட்டியில் பயிற்சி முடிந்த பிறகு இரண்டு ஆண்டு வரை பின்தொடர்வார்கள். எத்தனை பேர் தொழில் தொடங்கினார்கள், எத்தனை பேருக்கு வங்கிக் கடன் கிடைத்தது என்று நிலையமே கணக்குக் காட்டவேண்டும். அதனால் கூச்சப்படாமல் போன் பண்ணிக் கேளுங்கள். ஒரே ஒரு விஷயம்: சாப்பாடும் தங்குமிடமும் இலவசமே தவிர, பொதுவாகக் கூலி கிடையாது. மாதம் முழுக்க கூலி வேலைக்குப் போகாமல் சமாளிக்க முடியுமா என்று முன்கூட்டியே வீட்டில் பேசிக்கொள்ள வேண்டும். பாதியில் நிற்பவர்களில் பலர் இதனால்தான் நிற்கிறார்கள்.

அடுத்தது, சுயதொழில் வேண்டாம், சம்பள வேலைதான் வேண்டும் என்கிறவர்களுக்கு. 2014 செப்டம்பரில் தொடங்கிய தீன் தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்யா யோஜனா என்ற திட்டம். பெயர்தான் நீளம், விஷயம் எளிது. 15 முதல் 35 வயது வரை உள்ள ஏழைக் கிராமத்து இளைஞர்களுக்கு. பெண்களுக்கு 45 வரை. குறைந்தது மூன்று மாதப் பயிற்சி. செலவில் மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு.

பயிற்சியைத் தனியார் நிறுவனங்கள்தான் நடத்துகின்றன. அவர்களுக்குப் பணம் மொத்தமாகப் போவதில்லை. 2016-ல் வந்த வழிமுறைப்படி நான்கு தவணை: 25, 50, 15, 10 சதவீதம். பயிற்சி முடித்தவர்களில் நூற்றுக்கு 70 பேருக்காவது வேலை வாங்கிக் கொடுத்து, அவர்கள் வேலையில் நீடிப்பதையும் காட்டவேண்டும். கடைசித் தவணைகள் அதைப் பொறுத்தவை. டிரைசெம் காலத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த புத்தி இது என்று எனக்குத் தோன்றுகிறது. வேலையில் சேர்ந்த பிறகும், வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கைகொடுக்க மாதம் 1,000 ரூபாய் உண்டு. சொந்த மாவட்டத்தில் வேலை என்றால் 2 மாதம், மாநிலத்துக்குள் 3 மாதம், வெளிமாநிலம் என்றால் 6 மாதம். இதெல்லாம் அந்த வழிமுறையில் உள்ளவை. விதிகள் அவ்வப்போது மாறும். சேருவதற்கு முன் உங்கள் வட்டார இயக்க மேலாண்மை அலகில் அன்றைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடமும் இருக்கிறது. வேலை கொடுத்ததாகக் கணக்குக் காட்டியாக வேண்டும் என்பதால், கிடைத்த வேலையில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு வந்துவிடுகிறவர்களும் இருக்கலாம். ஆகவே தாய்மார்கள் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். வேலை எந்த ஊரில்? கையில் எவ்வளவு வரும், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பார்கள்? இரவு ஷிப்ட் உண்டா? விடுதியில் பெண் காப்பாளர் இருக்கிறாரா? பிள்ளை நினைத்தபோது போன் பேசலாமா, ஊருக்கு வரலாமா? போன வருஷம் அங்கே பயிற்சி முடித்த இரண்டு பெண்களோடு பேச வழி செய்யுங்கள் என்று கேளுங்கள். தயங்கினால் அப்போதே தெரிந்துவிடும்.

பஞ்சாலைப் பக்கம் ஆள் எடுக்க வருகிறவர்களும் "பயிற்சி" என்ற சொல்லைத்தான் சொல்வார்கள். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நம் பக்கத்துப் பெண்கள் போய்ப் பட்டதை மறக்கமுடியாது. பெயரில் திட்டம் இருந்ததே தவிர அது அரசுத் திட்டம் அல்ல. பயிற்சி என்று சொல்லி மில்லில் வேலை வாங்கினால் அது வேலைதான்.

பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது ஐ.டி.ஐ.தான். மூன்று மாதப் பயிற்சியைவிட ஒன்று, இரண்டு வருஷப் படிப்புக்கு மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம். நம் மாவட்டத்தில் தருமபுரியிலும் அரூரிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும். எட்டாவது படித்தவர்களுக்கும் வெல்டர், வயர்மேன் மாதிரி பிரிவுகள் இருக்கின்றன. பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. ஆமாம், நீங்களேகூடச் சேரலாம்! "வெல்டிங்கெல்லாம் பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு: ஓசூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலைகளில் பெண்கள்தான் வரிசையாக நின்று வேலை செய்கிறார்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருப்பவர்களுக்கான உதவித்தொகையையும் பலர் கேட்கிறார்கள். பதிந்து ஐந்து வருஷம் முடிந்திருக்கவேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். பத்தாவது தவறியவர்களுக்கு மாதம் 200, தேறியவர்களுக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். மூன்று வருஷம்தான் தருவார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க மறந்ததால் இதையும் இழந்தவர்கள் நம் குழுக்களில் நிறையப் பேர். பிள்ளையின் அட்டையை இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

அந்த அக்கா விஷயத்துக்கு வருகிறேன். பணம் கேட்டவரை, எந்தத் திட்டம், அலுவலக உத்தரவு நகல் எங்கே, யார் பெயரில் ரசீது கொடுப்பீர்கள் என்று போனில் கேட்கச் சொன்னோம். உத்தரவு அப்புறம் வரும் என்றார். மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்து ஐ.டி.ஐ.க்கும் போய், என்னென்ன பிரிவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார்கள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி வேலை மேல்தான் ஆசை. பொண்ணுக்கோ அங்கே இருந்த மின்சாரப் பிரிவு பிடித்துப் போயிற்று. இன்னும் வீட்டில் பேச்சு நடக்கிறது.

இந்த மாதக் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் அந்த ஆறாயிரம் ரூபாய்க் கோரிக்கையை அடித்துவிட்டு, எழுநூறு ரூபாய் என்று எழுதினோம். போட்டோ, சான்றிதழ் நகல், விண்ணப்பம், தருமபுரி போய் வர பஸ் செலவு. இரண்டு தவணை.