சளியில் கிருமி இல்லை என்றால் டி.பி. இல்லையா?



எனக்கு நெருங்கிய ஒருவர். பெயரும் உறவும் வேண்டாம். எச்.ஐ.வி. உள்ளவர். மூன்று வாரமாகக் காய்ச்சல், உடம்பு இளைத்துக்கொண்டே போனது. சளியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து 'நெகட்டிவ்' என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தது நான் மட்டும்தான். "டி.பி. இல்லையாம், பயப்படாதீங்க" என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். ஒரு மாதம் கழித்து, நடக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனபோதுதான் டி.பி. என்று தெரிந்தது. நான் படித்தது சரி, புரிந்துகொண்டதுதான் தப்பு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மீட்டர் காட்டாத கரண்ட்

லேபில் மல்டிமீட்டரை ஆம்பியர் ரேஞ்சில் வைத்து மைக்ரோ ஆம்பியரை அளந்தால் என்ன வரும்? சைபர்தான்! அதற்காகக் கரண்ட் இல்லை என்று சொல்வோமா? மைக்ரோஸ்கோப்பும் அப்படித்தான். ஒரு மில்லி சளியில் சுமார் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும்.

டி.பி.யில் நுரையீரலில் குழி விழுவதற்குக் கிருமி மட்டும் காரணம் அல்ல. நம் எதிர்ப்புச் சக்தி அதனோடு போடும் சண்டையும் காரணம். அந்தக் குழியில்தான் கிருமி ஏராளமாகப் பெருகிச் சளியோடு வெளியே வரும். எச்.ஐ.வி.யோ சி.டி.4 அணுக்களை அழித்துவிடுகிறது. சண்டை போட ஆள் குறைவு, குழியும் குறைவு, சளியில் கிருமியும் குறைவு. எக்ஸ்ரேகூடச் சில சமயம் சுத்தமாக இருக்கும். ஆனால் நோய் நெறிக்கட்டி, மூளை உறை, வயிறு என்று பரவிக்கொண்டிருக்கும்.

பின் எப்படிக் கண்டுபிடிப்பது?

1. நான்கு கேள்விகள்: இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை. எச்.ஐ.வி. உள்ளவருக்கு இதில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு சோதிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-ல் கூறியது. இருமல் இரண்டு வாரம் ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

2. ஜீன் எக்ஸ்பெர்ட்: கிருமியின் டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் கருவி. நம் பாஷையில் ஒரு ஆம்ப்ளிஃபயர்! 2010-ல் அங்கீகாரம் கிடைத்தது. இரண்டு மணி நேரத்துக்குள் ரிசல்ட். ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்பதையும் சொல்லிவிடும். 2017-ல் வந்த 'அல்ட்ரா' ஒரு மில்லியில் 16 கிருமி அளவு இருந்தாலே பிடித்துவிடும். கோவாவில் தயாராகும் ட்ரூநாட், பேட்டரியிலேயே ஓடும்.

3. சிறுநீர் லாம் சோதனை: கிருமியின் மேலுறைப் பொருளைச் சிறுநீரில் தேடும் ஒரு பட்டை. சளி துப்ப முடியாதவருக்கு வரப்பிரசாதம். 25 நிமிடம் போதும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவரிடம்தான் இது நன்றாக வேலை செய்யும்.

இவையும் நெகட்டிவ் ஆகலாம். அறிகுறிகள் பலமாக இருந்தால் டாக்டர் தன் அனுபவத்தை வைத்தே சிகிச்சையைத் தொடங்குவார்.

தாம்பரம் சானடோரியம் 1928-ல் டி.பி.க்காகத் தொடங்கப்பட்டது. 2004-ல் அரசு இலவச எச்.ஐ.வி. கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, முதல் மையங்களில் அதுவும் ஒன்று. இரண்டு நோயும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்! இரண்டுக்கும் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டுச் சட்டம். நான் பெயரை மறைத்ததும் அதனால்தான். அவர் இப்போது நலமாக வேலைக்குப் போகிறார்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். ரிப்போர்ட் நம் கையில்தான் வரும். 'நெகட்டிவ்' என்று பார்த்ததும் மடித்துவைக்காமல், "எந்த டெஸ்ட், சார்? வேறு டெஸ்ட் இருக்கா?" என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்!